30 சதவீதமும் ஒரு வாய்ப்பூட்டும்: ஆப் ஸ்டோர் கேஸ்கள்ல கோர்ட் என்னதான் சொல்லுச்சு

ஆப் ஸ்டோர் கேஸ்னு பேச்சு வந்தாலே எல்லாரும் நேரா அந்த 30 சதவீத கமிஷன்ல போய் நின்னுடறாங்க. ஆப்பிளும் கூகுளும் கொள்ளை அடிக்கறாங்கன்னு ஒரு கூட்டம், அவங்க கட்டின கடை அவங்க இஷ்டம்னு இன்னொரு கூட்டம், பேச்சு அங்கயே சுத்திக்கிட்டு இருக்கும். ஆனா 2020லேர்ந்து அமெரிக்க கோர்ட்ல நடந்ததை வரிசையா எடுத்துப் படிச்சா ஒண்ணு தெரியும், 30 சதவீதம்ங்கிற அந்த ரேட்டே சட்டவிரோதம்னு அங்க எந்த ஜட்ஜும் எழுதல. திரும்பத் திரும்ப அடி வாங்குனது வேற ஒரு ரூல். ஆப்புக்குள்ள "இதே பொருள் எங்க வெப்சைட்ல விலை கம்மி"ன்னு யூசர்கிட்ட சொல்லவே கூடாது, அதுக்கு ஒரு லிங்க்கோ பட்டனோ வைக்கவே கூடாதுன்னு ஒரு கண்டிஷன். இதைத்தான் ஆன்டி-ஸ்டீயரிங்னு சொல்றாங்க. என்னைக் கேட்டா இது சுத்தமான வாய்ப்பூட்டு, இந்த மொத்த விவகாரத்துலயும் ரொம்ப அநியாயமான பகுதி இதுதான். கமிஷன் எவ்வளவு வேணா வாங்கட்டும், ஆனா காசு குடுக்கறவனுக்கு வேற வழி இருக்குன்னு தெரியக்கூடாதுன்னு தடுத்து வச்சா அங்க போட்டி எப்படி வரும்?

கொஞ்சம் பின்னாடி போவோம். ஆப் ஸ்டோர் 2008 ஜூலைல 500 ஆப்போட தொறந்துச்சு, அப்பவே டெவலப்பருக்கு 70 ஆப்பிளுக்கு 30. அடுத்த வருஷம் இன்-ஆப் பர்சேஸ் வந்துச்சு, அதாவது ஆப் ஃப்ரீ, உள்ள போய் காயின் வாங்கு, லெவல் வாங்கு. அந்தக் காசும் ஆப்பிளோட பேமெண்ட் வழியாத்தான் போகணும், வேற பேமெண்ட் வைக்கக் கூடாது. இதுதான் பின்னாடி பெரிய பணமா மாறுச்சு. கேஸ்ல வெளிய வந்த கணக்குப்படி ஆப் ஸ்டோர் வருமானத்துல ஏறக்குறைய 70 சதவீதம் கேம்ஸ்லேர்ந்து வருது, அந்தப் பணத்தை குடுக்கறவங்க மொத்த யூசர்கள்ல 10 சதவீதத்துக்கும் கம்மி. நம்ம ஃபோன்ல இருக்கிற முக்கால்வாசி ஆப் ஆப்பிளுக்கு நேரடியா ஒரு காசும் குடுக்கறதில்ல, கேம்ல காசு கொட்டுற அந்த சின்ன கூட்டம்தான் கடைக்கே சோறு போடுது.

அதனாலதான் இதை எதிர்த்து வந்ததும் ஒரு கேம் கம்பெனி. எபிக் கேம்ஸ் 2020 ஆகஸ்ட் 13 அன்னிக்கு ஃபோர்ட்நைட்ங்கிற தன்னோட கேமுக்குள்ள தன்னோட சொந்த பேமெண்ட்டை தொறந்து விட்டுச்சு. 1000 வி-பக்ஸ், அதாவது அந்த கேமுக்குள்ள செலவு பண்ற காயின், ஆப்பிள் வழியா வாங்குனா 9.99 டாலர், எபிக்கிட்ட நேரா வாங்குனா 7.99 டாலர், ரெண்டு பட்டனும் ஒரே ஸ்க்ரீன்ல பக்கத்துல பக்கத்துல. அதுக்கான கோடை ஏற்கனவே ரிவ்யூ முடிஞ்ச வெர்ஷன்ல சொல்லாம வச்சுட்டு அன்னிக்கு சர்வர்லேர்ந்து ஆன் பண்ணாங்க. அன்னிக்கே ஆப்பிளும் கூகுளும் ஃபோர்ட்நைட்டை தூக்குனாங்க, அன்னிக்கே எபிக் ரெண்டு பேர் மேலயும் கேஸ் போட்டுச்சு. எல்லாம் முன்னாடியே தயார் பண்ணி வச்சது, அதை கோர்ட்டும் தீர்ப்புல எழுதுச்சு, அதுக்காக எபிக்கை கண்டிக்கவும் செஞ்சுச்சு. எபிக் ஒண்ணும் பாவப்பட்ட கம்பெனி இல்ல, அதுக்கு தன்னோட சொந்த ஸ்டோர் இருக்கு, அப்போ அதுல 12 சதவீதம் வாங்குச்சு, அதை ஃபோனுக்கு கொண்டு வரணும்னு ஆசை. அந்த ஆசை இருக்கறதால அது கேட்ட கேள்வி தப்பாயிடாது.

ஆப்பிள் கேஸ் கலிஃபோர்னியா ஓக்லாந்துல ஜட்ஜ் இவான் கொன்சாலஸ் ரோஜர்ஸ் முன்னாடி 2021 மே மாசத்துல நடந்துச்சு, ஜூரி, அதாவது பொதுமக்கள்லேர்ந்து எடுக்கற நடுவர் குழு கிடையாது, ஜட்ஜே முடிவு. அப்போ ஆப்பிள் சிஇஓவா இருந்த டிம் குக் நேர்ல வந்து சாட்சி சொன்னார். செப்டம்பர் 10 அன்னிக்கு 185 பக்கத் தீர்ப்பு வந்துச்சு. எபிக் வச்ச 10 குற்றச்சாட்டுல 9 ஆப்பிள் பக்கம் போச்சு.

ஏன் அப்படி போச்சுன்னு புரியணும்னா ஆன்டி-டிரஸ்ட் கேஸ், அதாவது போட்டியை நசுக்கறதுக்கு எதிரான கேஸ் எப்படி நடக்கும்னு தெரியணும். அமெரிக்காவுல 1890ல வந்த ஷெர்மன் ஆக்ட்தான் அடிப்படை. ஒரு கம்பெனி பெருசா இருக்கறது, ஏன் தனிக்காட்டு ராஜாவா இருக்கறதுகூட குற்றம் இல்ல, அந்த இடத்தை போட்டியை நசுக்கிப் பிடிச்சாலோ அப்படியே காப்பாத்திக்கிட்டாலோதான் குற்றம். அதைப் பாக்கறதுக்கு முன்னாடி கோர்ட் கேக்கற முதல் கேள்வி, எந்த மார்க்கெட்ல? இந்தக் கேள்விக்கு வர்ற பதில்லதான் பாதி கேஸ் முடிஞ்சுடும், வெளியிலேர்ந்து பாக்கறவங்களுக்கு இது வெறும் வார்த்தைச் சண்டையா தெரியும், ஆனா வக்கீலுங்க மாசக்கணக்குல உயிரைக் குடுத்து வாதாடுறது இதுக்குத்தான். எபிக் சொன்னது, ஐஃபோன் வாங்குனவன் அதுக்கப்புறம் ஆப்புக்கு வேற எங்கயும் போக முடியாது, அதனால ஐஃபோன் ஆப் விநியோகமே ஒரு தனி மார்க்கெட், அதுல ஆப்பிள் 100 சதவீதம். ஆப்பிள் சொன்னது, இது கேம் பிசினஸ், கம்ப்யூட்டர், ப்ளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் எல்லாத்தையும் சேர்த்துப் பாருங்க, அதுல நாங்க சின்ன ஆளு. ஜட்ஜ் ரெண்டையும் ஏத்துக்கல, மொபைல் கேம்ல நடக்கற டிஜிட்டல் பணப்பரிமாற்றம்தான் மார்க்கெட்னு அவங்களே ஒரு கோடு போட்டாங்க. அந்தக் கோட்டுக்குள்ள ஆப்பிள் பங்கு 52லேர்ந்து 57 சதவீதம் வரைக்கும் வந்துச்சு. நிறையதான், ஆனா அதை மட்டும் வச்சு மோனோபோலின்னு சொல்ல முடியாதுன்னுட்டாங்க, வெற்றி அடையறது சட்டவிரோதம் இல்லன்னும் எழுதுனாங்க.

ஒரே பிராண்டை தனி மார்க்கெட்டா காட்ட சட்டத்துல வழியே இல்லன்னு இல்ல, 1992ல கோடாக் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் அதுக்கு கதவு தொறந்து வச்சிருக்கு. கோடாக் காப்பியர் மெஷின் வாங்குனவங்க ரிப்பேருக்கு கோடாக்கிட்டயே மாட்டிக்கிட்ட விவகாரம் அது. ஆனா அந்தக் கதவு வழியா போகணும்னா, வாங்கும்போது யூசருக்கு இந்தக் கட்டுப்பாடு தெரியாதுன்னு காட்டணும். எபிக்கால அதைக் காட்ட முடியல. 2023 ஏப்ரல்ல அப்பீல் கோர்ட்டான நைன்த் சர்க்யூட், ஜட்ஜ் சட்டத்தை விளக்குன விதத்துல சில தப்பு இருக்குன்னு சொல்லியும் முடிவை மாத்தாம விட்டதுக்கு இதுவும் ஒரு காரணம். எனக்கு இது ஏத்துக்க கஷ்டமா இருக்கு. ஃபோன் வாங்கற எத்தனை பேருக்கு உள்ள ஓடுற கமிஷன் விஷயம் தெரியும்? ஆனா நிரூபிக்கற பொறுப்பு கேஸ் போட்டவனுடையது, எபிக் அதுக்கான ஆதாரத்தை வைக்கல, கோர்ட்டைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

மிச்சம் இருந்த அந்த ஒரு குற்றச்சாட்டுலதான் விஷயமே இருக்கு. கலிஃபோர்னியா மாநிலத்துக்கு அன்ஃபேர் காம்பெட்டிஷன் லான்னு ஒரு சட்டம் இருக்கு, ஃபெடரல் சட்டத்தை மீறுற அளவுக்குப் போகலன்னாலும் போட்டிச் சட்டத்தோட நோக்கத்துக்கு விரோதமா நடந்துக்கிட்டா அதைத் தடுக்கலாம். வெளிய விலை கம்மின்னு சொல்லவிடாம வச்சிருந்த அந்த ரூல் இதுல மாட்டுச்சு. ஆப்பிள் சும்மா இருக்கல, 2018ல அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் கேஸ்ல இதே மாதிரி ரூலை சுப்ரீம் கோர்ட் 5-4 ஓட்டுல அனுமதிச்சுச்சேன்னு வாதாடுச்சு. அந்த கேஸ்ல, வேற கார்டு யூஸ் பண்ணுங்கன்னு கடைக்காரங்க கஸ்டமர்கிட்ட சொல்லக் கூடாதுன்னு கண்டிஷன் இருந்துச்சு. ஆனா கடையில நிக்கறவனுக்கு வேற கார்டும் எடுக்கறாங்கன்னு கண் முன்னாடி தெரியும், ஆப்புக்குள்ள இருக்கிறவனுக்கு வேற வழி இருக்குன்னே தெரியாது, அது எவ்வளவு பெரிய வித்தியாசம். இங்க ஆப்பிளோட அந்த வாதம் எடுபடல. லிங்க்கும் பட்டனும் வைக்க விடணும்னு அமெரிக்கா முழுக்க செல்லுபடியாகுற தடை உத்தரவு வந்துச்சு. சுப்ரீம் கோர்ட் 2024 ஜனவரி 16 அன்னிக்கு ரெண்டு பக்கத்து அப்பீலையும் எடுக்கமாட்டேன்னு சொன்னதும் உத்தரவு அமலுக்கு வந்துச்சு.

இதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆத்திரம் வர்ற இடம். உத்தரவுப்படி லிங்க் வைக்க விட்டாங்க, ஆனா அந்த லிங்க்கைத் தொட்டு வெளிய போய் 7 நாளைக்குள்ள வாங்குற எல்லாத்துக்கும் 27 சதவீதம் கமிஷன்னு சொன்னாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. 10 டாலர் பொருள், உள்ள வித்தா ஆப்பிளுக்கு 3 டாலர், அதுலயே கார்டு செலவெல்லாம் அடக்கம். வெளிய வித்தா ஆப்பிளுக்கு 2.70, அதுக்கு மேல கார்டு கம்பெனிக்கு ஒரு 30 சென்ட்டோ அதுக்கும் கொஞ்சம் கூடவோ, அப்புறம் கஸ்டமர் சப்போர்ட், ரீஃபண்ட், வரி எல்லாம் உங்க தலையில. இதுல டெவலப்பர் எங்கேர்ந்து விலையைக் குறைப்பார்? இந்த 27 புதுசும் இல்ல, நெதர்லாந்துல டேட்டிங் ஆப்களுக்கு வேற பேமெண்ட் விடச்சொல்லி போட்டி ஆணையம் உத்தரவு போட்டப்பவும் ஆப்பிள் 27தான் கேட்டுச்சு, வாரத்துக்கு 50 லட்சம் யூரோ வீதம் 5 கோடி யூரோ அபராதம் ஏறுச்சு. தென்கொரியா 2021ல சட்டமே போட்டப்ப 26 கேட்டாங்க. எங்க போனாலும் உத்தரவுல எழுதினதை மட்டும் செஞ்சுட்டு பலனை மட்டும் வராம பாத்துக்கற வேலை.

கமிஷன் மட்டும் இல்ல, அந்த லிங்க்கைத் தொட்டா ஒரு எச்சரிக்கை ஸ்க்ரீன் வரும். சின்ன பாப்-அப்பா இருந்ததை முழு ஸ்க்ரீனா மாத்துனாங்க. நீங்க வெளி வெப்சைட்டுக்குப் போறீங்க, அங்க நடக்கற பர்சேஸோட பிரைவசிக்கும் செக்யூரிட்டிக்கும் ஆப்பிள் பொறுப்பில்லன்னு அதுல இருக்கும். இந்த ஸ்க்ரீனை எழுதுன ஊழியர்களோட சாட் பின்னாடி கோர்ட்ல வந்துச்சு, 'வெளி வெப்சைட்'னு போட்டா பயமுறுத்துற மாதிரி இருக்கு, மேலிடத்துக்குப் பிடிக்கும்னு பேசிக்கிட்டாங்க. பட்டன் பட்டன் மாதிரியே இருக்கக்கூடாது, வெறும் எழுத்தா இருக்கணும், லிங்க்கை இங்க வைக்கலாம் அங்க வைக்கக்கூடாதுன்னு அது ஒரு பட்டியல். பலன் என்னன்னா 2024 மே விசாரணை வரைக்கும் கிட்டத்தட்ட 1,36,000 டெவலப்பர்கள்ல இதுக்கு அப்ளை பண்ணவங்க 34 பேர், அதுலயும் 17 பேர் இன்-ஆப் பர்சேஸே வச்சிருக்காதவங்க. இந்த ஒரு நம்பர் போதும், அந்தத் திட்டம் யாரும் உள்ள வரக்கூடாதுன்னே போட்டதுன்னு புரிஞ்சுக்க.

எபிக் மறுபடி கோர்ட்டுக்குப் போச்சு, ஜட்ஜ் ஆப்பிளோட உள் டாக்குமெண்டெல்லாம் கொண்டு வாங்கன்னாங்க. வக்கீல்-கட்சிக்காரர் ரகசியம்னு சொல்லி நிறைய டாக்குமெண்டை மறைச்சு வச்சதுவரைக்கும் வெளிய வந்துச்சு. கமிஷன் வேண்டாம், லிங்க் எங்க வரலாம்ங்கறதுக்கு மட்டும் கட்டுப்பாடு போடலாம்னு ஒரு யோசனையும், கமிஷன் வாங்கிக்கிட்டு கட்டுப்பாட்டைத் தளர்த்தலாம்னு ஒரு யோசனையும் உள்ள இருந்திருக்கு, கடைசியில கமிஷனும் வந்துச்சு கட்டுப்பாடும் வந்துச்சு. ஆப் ஸ்டோரை பல வருஷம் பாத்துக்கிட்ட ஃபில் ஷில்லர் உத்தரவுப்படி நடந்துக்கலாம்னு சொன்னார், ஆனா டிம் குக் நிதிப் பிரிவு சொன்னதைத்தான் கேட்டார்னு ஜட்ஜ் எழுதியிருக்காங்க. நிதிப் பிரிவு வைஸ் பிரசிடென்ட் அலெக்ஸ் ரோமன் கமிஷன் எப்போ முடிவாச்சுன்னு கோர்ட்ல சொன்னதுக்கும் டாக்குமெண்டுக்கும் ஒத்துப்போகல, சத்தியம் பண்ணிட்டு பொய் சொன்னார்னு நேரடியாவே எழுதுனாங்க. 2025 ஏப்ரல் 30 உத்தரவு அது. ஆப்பிள் வேணும்னே உத்தரவை மீறுச்சு, இனிமே வெளி லிங்க்குக்கு கமிஷனே வாங்கக்கூடாது, கிரிமினல் குற்றமா பாக்கற அளவுக்கு கோர்ட் அவமதிப்பு இருக்கான்னு அரசு வக்கீல் பாக்கட்டும், இது தடை உத்தரவு, பேரம் பேசுற விஷயம் இல்லன்னு அவ்வளவு காட்டமா ஒரு பெரிய கம்பெனியைப் பத்தி ஜட்ஜ் எழுதி நான் அதிகம் படிச்சதில்ல.

அதோட பலன் சில நாள்லயே தெரிஞ்சுது. அமெரிக்காவுல ஐஃபோன்ல இருக்கிற கிண்டில்ங்கிற அமேசானோட புத்தக ஆப்ல வருஷக்கணக்கா புத்தகம் வாங்கவே முடியாது, பேரைத் தேடலாம், சாம்பிள் படிக்கலாம், எங்க வாங்கறதுன்னு ஆப் வாயே திறக்காது. மே முதல் வாரத்துல அதுல புத்தகம் வாங்க ஒரு பட்டன் வந்துச்சு, தொட்டா நேரா வெப்சைட். ஸ்பாட்டிஃபை விலையைக் காட்ட ஆரம்பிச்சுச்சு. மே 20 அன்னிக்கு ஃபோர்ட்நைட்டும் அமெரிக்க ஆப் ஸ்டோருக்குத் திரும்புச்சு. பாதுகாப்பு போயிடும், யூசர் ஏமாந்துடுவான்னு அஞ்சு வருஷமா சொன்ன வாதத்தை இந்த ஒரு பட்டன் பக்கத்துல வச்சுப் பாருங்க.

கூகுள் கேஸ் வேற மாதிரி போச்சு, இதைப் பலபேர் குழப்பிக்கறாங்க. அது சான் ஃபிரான்சிஸ்கோவுல ஜட்ஜ் ஜேம்ஸ் டொனாட்டோ முன்னாடி, 2023 நவம்பர்ல ஆரம்பிச்சு, ஜூரியோட நடந்துச்சு. டிசம்பர் 11 அன்னிக்கு ஜூரி சில மணி நேரத்துலயே ஒருமனசா எபிக் பக்கம் தீர்ப்பு சொல்லிட்டாங்க. ஆண்ட்ராய்டுல வெளியிலேர்ந்து ஆப் போடலாம், சாம்சங்குக்கு தனி ஸ்டோரே இருக்கு, ஐஃபோனை விட அது எவ்வளவோ திறந்தது, அப்படி இருக்கும்போது மூடி வச்சவன் தப்பிச்சு திறந்து வச்சவன் எப்படி மாட்டுனான்னு எல்லாருக்கும் கேள்வி வருது. பதில் காண்ட்ராக்ட்ல இருக்கு. ஆப்பிள் ஃபோனும் அதுவே பண்ணுது, சாஃப்ட்வேரும் அதுவே பண்ணுது, நடுவுல ஒப்பந்தம் போட ஆளே இல்ல. கூகுள் சாஃப்ட்வேரை மத்த கம்பெனிகளுக்குக் குடுக்குது, அப்போ வேற ஸ்டோர் வராம பாத்துக்க அவங்களுக்குக் காசு குடுத்து ஒப்பந்தம் போட வேண்டியிருக்கு, ப்ளே ஸ்டோரை விட்டுப் போயிடுவாங்களோன்னு பயந்து பெரிய கேம் கம்பெனிகளுக்கு ப்ராஜெக்ட் ஹக்னு ஒரு திட்டத்துல சலுகை குடுக்க வேண்டியிருக்கு. எல்லாம் பேப்பர்ல இருந்துச்சு, ஜூரி படிச்சாங்க. இதுக்கு மேல, ஊழியர்களோட சாட் 24 மணி நேரத்துல தானா அழியற மாதிரி விட்டு வச்சிருந்தாங்க, அழிஞ்சதுல கூகுளுக்கு பாதகமானது இருந்திருக்கும்னு நீங்க எடுத்துக்கலாம்னு ஜட்ஜே ஜூரிகிட்ட சொன்னார்.

ஆப்பிள் கேஸ்ல மார்க்கெட்டை வேற மாதிரி வரையறுத்துட்டாங்களே, அதே இங்கயும் பொருந்தணும்னு கூகுள் அப்பீல்ல கேட்டுச்சு. 2025 ஜூலை 31 அன்னிக்கு நைன்த் சர்க்யூட் ஒத்துக்கல, ரெண்டு கம்பெனி பிசினஸும் வேற, அங்க பேசுன மார்க்கெட் வேற, இங்க ஜூரி பாத்த ஆண்ட்ராய்டு மார்க்கெட் வேறன்னு சொல்லிட்டாங்க. சட்டப்படி இது சரிதான்னு நினைக்கறேன், ஆனா இதுலேர்ந்து ஒரு கம்பெனி கத்துக்கற பாடம் எனக்குக் கவலையா இருக்கு. நாளைக்கு புதுசா ஒரு ப்ளாட்ஃபார்ம் ஆரம்பிக்கறவன் முதல் நாள்லேர்ந்தே எல்லாத்தையும் பூட்டி வச்சா பாதுகாப்பு, திறந்து விட்டா கேஸ்னு முடிவு பண்ணா அவனைக் குத்தம் சொல்ல முடியுமா?

கூகுளுக்கு வந்த உத்தரவு ஆப்பிளுக்கு வந்ததை விட ரொம்பப் பெருசு. ப்ளே ஸ்டோரோட சொந்த பேமெண்ட்டான ப்ளே பில்லிங்கை கட்டாயப்படுத்தக் கூடாது, வெளி விலையைச் சொல்றதைத் தடுக்கக் கூடாது, தன் ஸ்டோர் மட்டும் இருக்கணும்னு காசு குடுக்கக் கூடாது, போட்டி ஸ்டோர்களை ப்ளே ஸ்டோருக்குள்ளயே விடணும், தன்னோட ஆப் பட்டியலையும் அவங்களுக்குத் திறந்து விடணும், இதுல பெரும்பாலானது 2027 நவம்பர் வரைக்கும். சுப்ரீம் கோர்ட் 2025 அக்டோபர்ல இதை நிறுத்தி வைக்க மறுத்துச்சு, அடுத்த மாசமே எபிக்கும் கூகுளும் சமரசமாகி, கமிஷனைக் குறைச்சு உத்தரவை மாத்தித் தாங்கன்னு சேர்ந்து ஜட்ஜ்கிட்ட போனாங்க.

மத்த நாடுகளைச் சுருக்கமா சொல்லிடறேன். ஐரோப்பிய யூனியன், கேஸ் முடியற வரைக்கும் காத்திருக்காம டிஜிட்டல் மார்க்கெட்ஸ் ஆக்ட்னு சட்டமே போட்டுச்சு, 2025 ஏப்ரல்ல அதுல ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ அபராதம் விழுந்துச்சு, காரணம் அதே வாய்ப்பூட்டு ரூல். இந்தியாவுல காம்பெட்டிஷன் கமிஷன் 2022 அக்டோபர்ல ப்ளே பில்லிங் விஷயத்துக்காக கூகுளுக்கு 936.44 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு, 2025 மார்ச்ல அப்பீல் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியா குறைச்சுச்சு. பாரத் மேட்ரிமோனி மாதிரி கம்பெனிகள் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்கும் போனாங்க, இதை காம்பெட்டிஷன் கமிஷன்தான் பாக்கணும், இங்க வழக்கு நிக்காதுன்னு 2024 ஜனவரில அப்பீல் தள்ளுபடி ஆச்சு, மார்ச் 1 அன்னிக்கு அவங்க ஆப்பெல்லாம் ப்ளே ஸ்டோர்லேர்ந்து காணாமப் போச்சு, மத்திய அரசு தலையிட்ட பிறகுதான் திரும்ப வந்துச்சு. கேஸ் தோத்த சில வாரத்துல கடையையே இழுத்துப் பூட்ட முடியும்ங்கிற அந்த பலம்தான் இந்த விவகாரத்தோட அடிநாதம்.

மறுபடி ஆப்பிள் கேஸுக்கு வந்தா, 2025 டிசம்பர்ல நைன்த் சர்க்யூட் ஆப்பிள் உத்தரவை மீறுச்சுன்னு சொன்னதை உறுதி பண்ணுச்சு, ஆனா கமிஷனே கூடாதுன்னு முழுசா தடுத்தது அதிகம், நியாயமான ஒரு தொகை எவ்வளவுன்னு கீழ் கோர்ட் பாக்கட்டும்னு திருப்பி அனுப்பிடுச்சு. அதாவது அஞ்சு வருஷம் எந்த கோர்ட்டும் கணக்குப் போட்டுப் பாக்காம விட்ட அந்தக் கேள்வி, ஒரு லிங்க்குக்கு நியாயமா எவ்வளவு வாங்கலாம்ங்கறது, அந்தத் தீர்ப்போட நேரா ஜட்ஜ் மேசைக்கு வந்துச்சு. அங்க வர்ற நம்பரைப் பாக்கும்போது டெவலப்பருங்க கார்டு செலவு, ரீஃபண்ட், சப்போர்ட் எல்லாத்தையும் கூட்டிப் பாக்கணும், கூட்டினது 30க்கு நல்லா கீழ வந்தாத்தான் யாராவது விலையைக் குறைப்பாங்க, இல்லன்னா அந்த 34 பேர் கதைதான் திரும்ப நடக்கும்.